48 வயதில் கணக்கு வேலையை விட்டுப் பேக்கரி: காசும் மாவும்

பாலையூற்று:
வயது 48, தனியார் கம்பனியில் 22 வருடக் கணக்கு வேலை. மனம் முழுக்கப் பாண் சுடுவதில்தான் கிடக்கிறது. திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சின்னப் பேக்கரி போட எண்ணம். சேமலாப நிதியை (EPF) இப்போது எடுக்கலாமா? அடுத்தது, 1 கிலோ மாவில் நல்லாய் வரும் பாண் 10 கிலோவில் புளிக்கிறது, மேல் தோல் வெடிக்கிறது. சிலது அடுத்த நாளே உள்ளே பிசுபிசுக்கிறது. ஏன்?

ஐந்தொகை:
அண்ணை, சேமலாப நிதி ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான். அதை நம்பி வேலையை விடாதீங்கோ. கையில் வரப்போவது பணிக்கொடை: 15 பேர் அல்லது கூட வேலை செய்யும் இடமென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 11 மாதச் சம்பளம், விலகி 30 நாளுக்குள் தரவேணும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் (ETF) விண்ணப்பிக்கலாம். பணிக்கொடையில் பாதியை வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மட்டும் மிக்சரும் தட்டும் வாங்குங்கோ. சீசனில் ஹோட்டல்கள் 30 நாள் கடன் கேட்கும். மாவுக்கும் ஈஸ்டுக்கும் நீங்கள் கைக்காசு கொடுக்கவேணும். நல்ல பேக்கரியும் அந்த இடைவெளியில்தான் விழும்.

போறணை:
பிழை கைப்பக்குவத்தில் இல்லை, சூட்டில். பெரிய கட்டி மா சூட்டை வெளியே விடாது. 10 கிலோ மாவில் வரும் 32 உருண்டையை வெட்டி உருட்ட 20, 25 நிமிடம் போகும், கடைசி உருண்டை அதற்குள் புளித்துவிடும்.

10 கிலோ மாவுக்குத் தண்ணீர் 5.8 லீற்றர், உப்பு 180 கிராம், சீனி 200, மாஜரின் 200. உடனடி ஈஸ்ட் 100 கிராம் போடுகிறீர்கள் என்றால் 60க்குக் குறையுங்கோ. பிசைந்த மா 26 பாகை செல்சியஸில் நிற்கவேணும். தண்ணீர்ச் சூட்டுக்குக் கணக்கு இது: 26ஐ மூன்றால் பெருக்கி (78), அறைச்சூடு 32, மாச்சூடு 31, மிக்சர் உராய்வுக்கு 10 கழித்தால் வருவது 5. தண்ணீர் 5 பாகையில் இருக்கவேணும், ஐஸ் இல்லாமல் நடக்காது. மிக்சருக்கு மிக்சர் உராய்வு மாறும். முதல் நாள் தெர்மோமீற்றரால் அளந்து உங்கள் எண்ணைத் திருத்துங்கோ.

ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் நிற்க மா உருண்டை 510 கிராம் வேணும், சுடும்போது எடை குறையும். தோல் வெடிப்பது கச்சான் காற்றால் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று). உருண்டையை ஈரத்துணியால் மூடுங்கோ, யன்னலை அடையுங்கோ.

உப்புவெளிக்காற்று:
பிசுபிசுப்பு வேறு விஷயம். பிய்த்தால் நூல் இழுத்து, பழுத்த பழம் போல வாசம் வந்தால் அது பக்டீரியா. அதன் வித்து போறணைச் சூட்டிலும் சாகாது, வெக்கையில் ஒன்றரை நாளுக்குள் பெருகும். பாணின் நடு 96 பாகை வரும்வரை சுடுங்கோ. இரண்டு மூன்று மணித்தியாலம் ஆறமுதல் பையில் போடவோ வெட்டவோ கூடாது. 10 கிலோவுக்கு 100 மில்லிலீற்றர் வினாகிரி சேருங்கோ. மேசை, தட்டு, கத்தி எல்லாம் வினாகிரித் தண்ணியால் துடைக்கவேணும். நூல் இழுத்த பாணை ரஸ்க்குக்குக்கூட எடுக்காதீங்கோ, முழுப் பேக்கரிக்கும் பரவும்.

பாலையூற்று:
நூல் இழுக்கிறதுதான். விறகுப் போறணையா, மின்சார அவனா நல்லது?

போறணை:
நல்ல சுவைக்கு விறகுதான். ஆனால் வாடை மாரியில் (வடகீழ்ப் பருவமழையில்) விறகு நனைந்தால் சூடு ஏறாது. இரண்டு மாத விறகைக் கூரைக்குக் கீழே அடுக்க இடம் இருந்தால் மட்டும் கட்டுங்கோ. தணலை இழுத்த பிறகு தரையில் ஒரு பிடி மா தூவிப் பாருங்கோ. உடனே கருகினால் பொறுங்கோ, மெல்லப் பொன்னிறமானால் பாணை உள்ளே தள்ளலாம். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம், மாத்தூசி வருடக்கணக்கில் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.