கண்ணாடியில் தெரிவது அதன் மேற்பரப்பிலா இருக்கிறது?

படிகம்: ‘கண்ணாடியும் கேமராவும் செய்வது ஒரே வேலைதான், இரண்டிலும் படம் தட்டையான பரப்பின்மேல்தான் இருக்கிறது’ என்று நிழற்படக்காரர் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். எனக்குக் கிட்டப்பார்வை, இரண்டு டயாப்டர் குறை இருப்பதால், அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 30 செ.மீ. முன்னால் உள்ள நிலைக்கண்ணாடியில், எனக்குப் பின்னால் 3 மீட்டரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தால் முட்கள் தெரிவதில்லை. அதையே செல்பேசியில் படமெடுத்து அதே 30 செ.மீ. தொலைவில் பிடித்தால் நொடிமுள்கூடத் தெரிகிறது. இரண்டும் பரப்பில்தான் என்றால் இது எப்படி?

நிழற்படக்காரர்: உங்கள் கண்ணின் குறைக்குக் கண்ணாடி பொறுப்பாகாது. நீராவி படிந்த கண்ணாடியில் என் முகத்தின் ஓரத்தை விரலால் வரைந்திருக்கிறேன். கோடு மேற்பரப்பில்தான் விழுந்தது. இருபது ஆண்டுகளாகக் கேமரா பிடிப்பவனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

படிகம்: அந்தக் கோட்டை அளந்தீர்களா, ஐயா? அது முகத்தில் பாதி உயரமே இருக்கும். எத்தனை அடி பின்னால் போய் வரைந்தாலும் அதே பாதிதான், ஏனெனில் நீங்கள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் தொலைவிலேயே பிம்பம் அதற்குப் பின்னால் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவர் பார்வையில் உங்கள் முகம் அந்தக் கோட்டுக்குள் இருக்காது. அச்சிட்ட படத்தின்மேல் வரைந்த கோடோ யார் பார்த்தாலும் விலகாது. கடிகாரத்தின் ஒளியும் 3.3 மீட்டர் போய், 30 செ.மீ. திரும்பி, மொத்தம் 3.6 மீட்டர் கடந்தே என் கண்ணை அடைகிறது.

ஓரப்பார்வை: மூக்கில் ஒரு கண்ணாடி, சுவரில் ஒரு கண்ணாடி என்று எழுதிக் குழப்புகிறீர்களே, ‘ஆடி’ என்ற நல்ல சொல் உங்களுக்குக் கசக்கிறதா?

படிகம்: குழப்பம் சொல்லில் இல்லை, ஓரப்பார்வை; பாதி உயரத்தில் இருக்கிறது.

நிழற்படக்காரர்: வானவில் விவாதத்தில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை போலும். கோடு மேற்பரப்பில்தான் விழுந்தது.

படிகம்: வானவில்லில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கேமராவையே கேளுங்கள்: கண்ணாடிக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று உங்களையே படமெடுக்கும்போது, வில்லை குவிய வேண்டிய தொலைவு 2 மீட்டர். கண்ணாடியின் மேலுள்ள தூசியில் குவித்தால் உங்கள் முகம் மங்கும்.

நிழற்படக்காரர்: தானியங்கிக் குவியம் கண்ணாடியிடம் ஏமாறுவது எங்களுக்குப் பழகிய தொல்லை. கோடு மேற்பரப்பில்தான் விழுந்தது.

படிகம்: அளந்துவிட்டு வாருங்கள்.