கேமில் வீடு வாங்கி என்னதான் செய்கிறீர்கள்?

குட்டிடேங்க்:
ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேம் ஆட ஆரம்பித்து ஆறு மாசம் ஆகிறது. கூட ஆடுகிற ஒருவர் மூன்றாவது தடவையாக ஒரு சின்ன மனைக்குக் குலுக்கலில் பணம் கட்டிவிட்டு, அஞ்சு நாள் பதிவு, நாலு நாள் முடிவு என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். வீடு கிடைத்தால் அடி பலமாக விழுமா, கவசம் ஏறுமா? ஒன்றும் இல்லை. உள்ளே போய் சோபாவை நகர்த்தத்தானே இவ்வளவும்?

மழைமேகம்:
ஆமாம், சோபாதான் :) ஆனால் இங்கே ஒரு வார்டுக்கு, அதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்கு, 60 மனைதான், அதனால் பக்கத்து வீடு நிஜமாகவே பக்கத்து வீடு. என் வாசலில் ஒரு மெசேஜ் புக் வைத்திருக்கிறேன். ஒரு நாள் திறந்தால், யாரென்றே தெரியாத ஒருவர் "மாடிப்படிக்குக் கீழே பூனை வைத்தது சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய பாஸ் எதிரியை அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. அந்தப் பூனை பாதி சுவருக்குள் மாட்டிக்கொண்டு நின்றது வேறு விஷயம்.

எலும்புமூட்டை:
எனக்கு இந்த அலங்காரமெல்லாம் ஒட்டாது, வீடு என்றால் வேலைக்கு ஆகணும். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் வந்து பாருங்கள். 330ஆம் வேர்ல்டு (சர்வர்), ரிமிங்டன் என்ற ஊர். வீட்டுக்காரர் தங்கப் பூச்சுப் பீடத்தில் இரண்டு விளக்கையும் ஏற்றி வைத்திருப்பார், வாசலில் ஃபியல்ஸ் என்று ஒரு ஆள், ஒரு எலும்புக்கு 5 காசு வாங்கிக்கொண்டு நோட்டாக (எலும்புக்குப் பதிலாகத் தூக்கிப் போகும் சீட்டாக) இருப்பதை நிஜ எலும்பாக்கித் தருவான். அதைப் பீடத்தில் படைத்தால், புதைத்தால் கிடைப்பதைப்போல மூன்றரை மடங்கு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). சொந்த வீடே தேவையில்லை, ஊரான் வீட்டில் போய்க் கும்பிட்டால் போதும்.

பழைய மௌஸ்:
நீங்கள் எல்லாம் பிற்பாடு வந்தவர்கள். அல்டிமா ஆன்லைனில் (1997) திறந்த வெளியில்தான் வீடு, இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கவனிக்காமல் விட்டால் வீடு இற்றுப்போகும், வீட்டுப் போர்டில் "இடியும் நிலையில்" என்று வந்துவிட்டால் போதும், பத்துப் பேர் சுற்றி நின்று, பொருள் எப்போது தரையில் கொட்டும், மனை எப்போது காலியாகும் என்று கழுகு மாதிரிக் காத்திருப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன், வெட்கமே இல்லாமல். என்னைக் கேட்டால் வீட்டுக்கு மவுசே இதில்தான்: எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தது கைவிட்டும் போகலாம். ஆளுக்கொரு தனி அறை, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் என்று கொடுக்கிற கேம்களில் வாங்கியதோடு சரி, இரண்டாவது தடவை உள்ளே போனதில்லை.

மழைமேகம்:
அண்ணா, கைவிட்டுப் போவதில் என்ன ருசி? இங்கேயும் 45 நாள் உள்ளே காலடி வைக்கவில்லை என்றால் இடித்துவிடுவார்கள். தேர்வு நேரத்தில் என் முதல் வீடு அப்படித்தான் போனது. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போக இப்போதும் மனசு வருவதில்லை.

குட்டிடேங்க்:
சரி சரி, ஒப்புக்கொள்கிறேன். நேற்று ராத்திரி 5 லட்சம் கில் (கேம் காசு) கொடுத்து ஒரு அபார்ட்மென்ட் வாங்கிவிட்டேன், அதை யாரும் இடிக்க மாட்டார்களாம். ஒரு கட்டில், ஒரு புத்தக அலமாரி. ஜன்னல் எங்கே இருக்கிறது? ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன்.

மழைமேகம்:
ஜன்னல் கிடையாது. ஜன்னல் மாதிரி ஒரு பொருள் வரும், வாங்கி சுவரில் மாட்டணும். கட்டிலுக்கு மேலே மாட்டுங்கள், நன்றாக இருக்கும்.