பைன் பலகை: இனப்பெயரை நம்புவதா, கையை நம்புவதா?

வைரக்கட்டை:
பைன் என்ற ஒற்றைப் பெயருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியிருக்க, இனம் கேட்காமல் பலகை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஜன்கா கடினச் சோதனையில் இரும்புக் குண்டைப் பாதியளவு புதைப்பதற்குக் கிழக்கத்திய வெள்ளைப் பைனுக்கு ஏறத்தாழ 380 பவுண்டு விசை போதும். லாங்லீஃப் பைனுக்கு 870 தேவைப்படும். செதுக்கு வேலைக்கு இணங்கும் முன்னது, காலடி படும் தரைக்கு உதவாது.

இழைப்புளி:
அறுத்து உலர்த்திய பலகையில் இனத்தை எதைக் கொண்டு கண்டறிவீர்கள், நண்பரே? நிற்கும் மரமானால், கொத்துக்கு ஐந்து ஊசியிலை இருப்பது வெள்ளைப் பைன் என்றும், இரண்டோ மூன்றோ இருப்பது மஞ்சள் பைன் எனப்படும் கடினப் பைன் என்றும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பலகையில் இலை ஏது? லாங்லீஃப், லாப்லாலி, ஸ்லாஷ், ஷார்ட்லீஃப் ஆகிய நான்கையும் நுண்ணோக்கியில் வைத்தாலும் உறுதியாகப் பிரிக்க இயலாது என்பதால்தான் அவை தெற்கத்திய மஞ்சள் பைன் என்ற பொதுப்பெயரில் விற்கப்படுகின்றன. பலகை கடினமானதா என்றறிய, அதைத் தூக்கிக் கனம் பார்த்து, ஆண்டு வளையங்களின் நெருக்கத்தைக் கவனித்தாலே போதும்.

வைரக்கட்டை:
இனம் தெரியாவிட்டாலும் வகை தெரியும். பலகையின் முனையைக் கூரான உளியால் சீவி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பைனில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் வெளிர்பகுதியும் மெல்ல மெல்லக் கருமைக்கு மாறும். மஞ்சள் பைனிலோ கோடு கிழித்தாற்போல் திடீரென மாறும். அந்தத் திடீர் மாற்றம்தான் உப்புத்தாள் தேய்க்கும்போது மென்மையான வெளிர்பகுதி குழிந்து, கடினமான கருவரி மேடாக எழுந்து நிற்பதற்குக் காரணம்.

இழைப்புளி:
அந்த வகைப்பாடும் ஏமாற்றும். மூன்றூசிக் கொத்துடைய பாண்டரோசா, தாவரவியல்படி கடினப் பைன். ஆனால் அதன் ஜன்கா அளவு 460 மட்டுமே என்பதால், தச்சரின் உளிக்கு அது வெள்ளைப் பைனுக்கே நெருக்கமானது. "கடினம்" என்ற சொல்லை நம்பி அதில் மேசைப்பரப்பு செய்தவர் வருந்துவார்.

அரக்குப்பூச்சு:
இருவரும் பிசினை மறந்துவிட்டீர்கள். உலர்த்தும் அறையில் வெப்பம் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸுக்கு மேல் உயர்த்தப்படாத பலகையில் பிசின் கெட்டிப்படாது; பின்னாளில் வெயில் பட்டால் கணுக்களிலிருந்து கசிந்து வண்ணப்பூச்சையே மஞ்சளாக்கும். கணுவின்மேல் மெழுகு நீக்கிய அரக்கை முதலில் பூசுவது என் வழக்கம். சாயம் ஏற்றுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெளிர்பகுதியே சாயத்தை மிகுதியாகக் குடிப்பதால், புகைப்பட நெகடிவ் போல வளையங்களின் நிறம் தலைகீழாகிவிடும். இது எந்தப் பைனிலும் ஓரளவு நிகழும். மஞ்சள் பைனில் கண்ணை உறுத்தும்.

வைரக்கட்டை:
பாண்டரோசா குறித்த திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் எடையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க இயலவில்லை. ஈரம் வற்றாத வெள்ளைப் பைன், நன்கு உலர்ந்த மஞ்சள் பைனைவிடக் கனமாகவே இருக்கக்கூடும்.

இழைப்புளி:
உண்மை; ஈரமானியை வைத்துப் பார்த்த பிறகே தூக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர் நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். கருவரியில் அன்று, இரண்டு கருவரிகளுக்கு இடையிலுள்ள வெளிர்பகுதியில்.