மதுரையில் குடிநோயாளர் கூட்டம் எங்கே நடக்கிறது?

கேள்வி: வணக்கம். குடியை நிறுத்த வேண்டும் என்று என் அண்ணன் தாமாகவே சொல்லியிருக்கிறார். குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம் மதுரையில் நடக்கும் இடத்தை எப்படி அறிவது, அங்கே பெயரும் பணமும் கேட்பார்களா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அவ்வமைப்பின் இந்திய இணையதளத்தில் கூட்ட விவரங்களைத் தேடுங்கள்.

மறுமொழி: தம்பி, அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14446 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மறுமொழி: குடும்பத்தினருக்கென அல்-அனான் கூட்டங்கள் தனியே உள்ளன, அண்ணன் வர மறுத்தாலும் உங்கள் அண்ணி அங்கே செல்லலாம்.