ஊறுகலவை: ஷவர்மா தாளில் விடுபட்ட ஒரு சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. கறியை ஊறவைக்கும் கலவைக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்வியைத் தொடங்கியவள் நான் என்பதால், வந்த மடல்களை எல்லாம் வரிசையாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக, கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சமையல் வகுப்பு எடுக்கிறேன். செய்முறையைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அடித்துக் கொடுப்பது வழக்கம். போன முறை கோழி ஷவர்மா, கூடவே பூண்டும் தயிரும் கலந்த தொட்டுக்கொள்ளும் சாஸ். தாளில் "மசாலா" என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். முதல் இடத்தில் அது சீரகம், மல்லி, மிளகு, பட்டை, ஏலக்காய் வறுத்து அரைத்த பொடி. இரண்டாம் இடத்தில் அந்தப் பொடியோடு தயிர், பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு எல்லாம் சேர்ந்த குழைவு. மூன்றாம் இடத்தில் "மீதி மசாலாவை மேலே போட்டுச் சுருட்டவும்" என்று இருந்தது. நான் நினைத்தது பொடியை.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, நிதானமாக, கைப்பக்குவத்தோடு சமைப்பவர், பச்சைக்கோழி இரவெல்லாம் கிடந்த கிண்ணத்தை எடுத்தார். அடியில் தேங்கியிருந்த மஞ்சள் தயிரைக் கரண்டியால் வழித்தார். வெந்து நறுக்கிய கறியின் மேல் அதை ஊற்றக் கரண்டியைச் சாய்க்கும்போதுதான் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. தாளில் இருந்ததைத்தான் செய்தார். பச்சைக்கோழி பட்ட கலவை வேகாமல் வயிற்றுக்குள் போனால் சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் கூடவே போகலாம். வயதானவர்களுக்கு அது சாதாரண வயிற்றுப்போக்கோடு நிற்காமலும் போகலாம். ஒரே சொல் மூன்று பொருளுக்கு நின்றதால் வந்த வினை இது.

அதனால்தான் கேட்டேன்: கறியை ஊறவைக்கும் அந்தக் குழைவுக்குத் தமிழில் பெயர்ச்சொல் என்ன? வினைச்சொல் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ஊறவைக்கிறோம், பிரட்டி வைக்கிறோம், தடவி வைக்கிறோம், விரவி வைக்கிறோம். எதில் ஊறவைக்கிறோமோ அதற்குத்தான் தனிப்பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ஊறவைப்பது marinate என்ற வினை, ஊறவைக்க உதவும் கலவை marinade என்ற பெயர். அந்த இரண்டாவதைத்தான் தேடுகிறேன்.

வந்த பதில்களுக்கு இனி ஒவ்வொன்றாக.

> ஷவர்மாவையே தமிழாக்கிவிடலாமே. சுழற்கறி என்று வைத்தால் என்ன?

தம்பி, சொல் அழகாக இருக்கிறது. பின்னணியும் சரி. ஷவர்மா என்பது சுழற்றுவது என்ற பொருள் தரும் துருக்கியச் சொல்லான செவிர்மெ அரபு வாயில் திரிந்த வடிவம். துருக்கியின் டோனர், கிரேக்கத்தின் கீரோஸ் இரண்டும்கூட சுழலுவதைக் குறிப்பவைதான். கிரேக்கர்கள் பொருளை மொழிபெயர்த்தார்கள், அரபுக்காரர்கள் ஒலியை வாங்கிக்கொண்டார்கள். நாம் ஒலியை வாங்கி வெகுநாள் ஆகிறது. அரபு ஸ்திரீட் பக்கம் போனாலும் சரி, சென்னைக்குப் போனாலும் சரி, ஷவர்மா என்றால் புரியாதவர் இல்லை. அதைவிட முக்கியமாக, வீட்டில் செய்யும்போது எதுவும் சுழலுவதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டில் பரப்பி, அவனில் (oven) வைத்து எடுக்கிறோம், அவ்வளவுதான். சுழலாத கறிக்குச் சுழற்கறி என்று பெயர் வைத்தால் வகுப்பில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். (அவன் என்ற சொல் படும் பாடு தனி. "அவனில் வை" என்று தாளில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லும் போறணையை இங்கே கொண்டுவர முடியுமா என்று இன்னொரு இழையில் பேசுவோம்.)

சாஸுக்குச் "சுவைச்சாறு" என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். சாறு ஓடும். பூண்டுத் தயிர் கரண்டியில் நிற்கும். நம் வீட்டில் தயிரில் எதைக் கலந்து தொட்டுக்கொண்டாலும் அது பச்சடி. பூண்டுத் தயிர்ப் பச்சடி என்றால் தேக்கா சந்தையில் காய் விற்கும் அக்காவுக்கும் புரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தேட வேண்டாம். ஒன்றே ஒன்று: இதையும் லெபனான்காரர்களின் தூம் என்ற பூண்டுக் குழைவையும் ஒன்றாக எண்ண வேண்டாம். தூம் என்பது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு சேர்த்து அடித்தெடுக்கும் பால்மம் (எமல்ஷன்). அதில் தயிர் கிடையாது.

இனி நம் கேள்வி.

முதலில் நான் "ஊறல்" என்று வைத்திருந்தேன். சின்னச் சொல், வாயில் வழுக்கிக்கொண்டு வரும். தாளின் வரைவைப் பார்த்த விழுப்புரம் பக்கத்துச் சகோதரி ஒருவர் உடனே முகம் சுளித்தார். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ஊறல் என்றால் சாராய ஊறல். பேரல் பேரலாகக் காவல்துறை கொட்டி அழிப்பது. நம் இலங்கை நண்பர் ஒருவரோ, அவர் வீட்டில் ஊறல் என்றால் உடம்பில் எடுக்கும் அரிப்பு என்று எழுதினார். சாராயமும் அரிப்பும் சேர்ந்து வந்தபிறகு அந்தச் சொல்லைக் கோழி மேல் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. ஊறலைக் கைவிடுகிறேன்.

"ஊறுபூச்சு" என்றும் ஒரு யோசனை வந்தது. எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் காதில் பூச்சி என்று விழுந்தது. சாப்பாட்டுக்கு அது ஆகாது.

எனக்குப் பிடித்தது "ஊறுகலவை". அதற்கு எதிராக மூன்று வாதம் வந்திருக்கிறது. மூன்றும் மதிப்பான வாதம், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

> ஊறுவது கறிதானே? கலவை எப்படி ஊறும்? இலக்கணப்படி இடிக்கிறது.

இடிக்கவில்லை ஐயா. தமிழில் ஊறு என்ற வினை இரு பக்கமும் பேசும். அரிசி தண்ணீரில் ஊறுகிறது. குலாப் ஜாமூன் பாகில் ஊறுகிறது. அதே நேரம், "பாகு இன்னும் உள்ளே ஊறலை" என்றும் சொல்கிறோம். மாவடு போடும்போது என் அம்மா ஜாடியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு "உப்பு ஊறலை, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார். கிணற்றில் நீர் ஊறுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது. உள்ளே போவதும் ஊறல், உள்ளிருந்து சுரப்பதும் ஊறல், நனைந்து கிடப்பதும் ஊறல். ஊறுகாய் என்ற சொல் வினைத்தொகை. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் மூன்றையும் அது அடக்கிக்கொள்கிறது. அதே அச்சில் ஊறுகறி, ஊறுகலவை இரண்டும் தடையில்லாமல் வரும்.

> அறிவியல்படி மசாலா உள்ளே போவதே இல்லை. மேலேதான் நிற்கிறது. ஊறு என்பது தவறான கருத்தைத் தராதா?

இது என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த கேள்வி. அதனால் சோதித்துப் பார்த்தேன். எலும்பு நீக்கிய தொடைக்கறித் துண்டு ஒன்றை, மஞ்சள் கொஞ்சம் கூடுதலாகப் போட்ட தயிர்க் கலவையில் இரவு முழுக்கக் குளிர்பதனப்பெட்டியில் வைத்தேன். காலையில் கழுவித் துடைத்து, குறுக்கே வெட்டினேன். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு, தீக்குச்சித் தடிமன்கூட இல்லை. அதற்கு உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு. மஞ்சள் வாசலிலேயே நின்றுவிட்டது. பிறகு அந்தத் துண்டை வேகவைத்து, ஓரத்தை எல்லாம் சீவி எறிந்துவிட்டு, நட்டநடுக் கறியை மட்டும் வாயில் போட்டேன். உப்பு இருந்தது. அளவாக, நன்றாக இருந்தது. நிறமும் மணமும் பெரும்பாலும் மேலே நிற்கின்றன. உப்பு உள்ளே போகிறது. ஆக, ஊறு என்ற சொல் பொய் சொல்லவில்லை.

ஷவர்மாக் கடையில் கறியை மெல்லிய தகடுகளாக வெட்டி அடுக்குவதன் காரணமும் இதில் கொஞ்சம் விளங்கும். தகடு மெலிந்தால் மேற்பரப்பு கூடும், கலவை படும் இடம் கூடும். செங்குத்துக் கம்பியில் சுழலும்போது வெளிப்பக்கம் சிவந்ததும் சீவுகிறார்கள், அடுத்த பரப்பு தணலைப் பார்க்கிறது. வீட்டில் அதற்கு ஈடாக ஒன்று செய்யலாம். வெந்த கறியை நீளவாட்டில் மெல்லிசாக நறுக்கி, தட்டில் ஊறிக் கிடக்கும் அதன் சாற்றிலேயே பிரட்டி, மேல் சூட்டில் இன்னொரு மூன்று நிமிடம் வையுங்கள். ஓரங்கள் முறுகும்.

> ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே. சாப்பாட்டில் ஊறு எதற்கு?

உண்டு. ஐம்புலன் வரிசையில் ஊறு என்றால் தொடுகையும்தான். ஆனால் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பழக்கம் அந்தக் குழப்பத்தை என்றோ தீர்த்துவிட்டது.

நம் அண்டை வீட்டு மொழிகளையும் பார்த்தேன், சிங்கப்பூரில் அது சுலபம். மலாயில் பெராப் வினை, பெராப்பான் பெயர். சீனத்தில் இதற்கு யான்லியாவ் என்கிறார்கள். அதில் வரும் யான், காய்கறியை உப்பில் போட்டு வைப்பதற்கும் அதே சொல். நம் ஊறுகாய் போன ஒற்றையடிப் பாதையிலேயே அவர்களும் போயிருக்கிறார்கள். அரபில் தத்பீலா என்பார்கள், அது சுவைகூட்டுவதிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல் கடலிலிருந்து, உப்புநீரிலிருந்து வந்தது. ஆகவே ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஊறுகலவையை உட்கார வைப்பதில் நமக்குக் கூச்சம் வேண்டாம்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அது குட்டி போடுகிறதா என்று பார்ப்பது. நா. கோவிந்தசாமி இங்கிருந்து தந்த இணையம் என்ற சொல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இணையத்தளம், இணையவழி என்று அது பெருகிக்கொண்டே போனது. உணவங்காடி, மின்தூக்கி எல்லாம் இங்கே பேச்சில் புழங்குவதைப் பார்க்கிறோம். ஊறுகலவையிலிருந்து ஊறுகோழி, ஊறுமீன் வரும். எனக்கு மிகவும் தேவைப்பட்ட "ஊறுநேரம்" வரும். பொடியை மட்டும் தேய்ப்பதற்குத் தடவுபொடி என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மசாலா என்ற சொல்லை விரட்டச் சொல்லவில்லை. அது வறுத்து அரைத்த பொடிக்கு மட்டும் இருக்கட்டும்.

சரி, தாளில் போகப்போகும் பத்தியை அப்படியே கீழே வைக்கிறேன். சொல் புழங்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொருந்துகிறதா என்று தெரியும்.

"எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைக்கறி 1 கிலோ. ஊறுகலவைக்கு: கெட்டித் தயிர் 150 கிராம், நசுக்கிய பூண்டு 5 பல், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 15 கிராம், மசாலாப் பொடி 2 மேசைக்கரண்டி. தூவுவதற்கு ஒரு தேக்கரண்டிப் பொடியை இப்போதே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைக்கவும். கறியை ஊறுகலவையில் நன்றாகப் பிரட்டி, மூடி, குளிர்பதனப்பெட்டியில் வைக்கவும். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்கக் கூடாது. ஊறுநேரம் 4 முதல் 12 மணி. அதற்கு மேல் போனால் எலுமிச்சைப் புளிப்பில் கறியின் மேற்புறம் மாவாகிவிடும். அவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, ஊறுகறியைத் தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி 25 முதல் 30 நிமிடம் வேகவிடவும். தடித்த இடத்தில் வெப்பமானி 75 டிகிரி காட்ட வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சிய ஊறுகலவையைக் கொட்டிவிடவும். பச்சடிக்கு: 2 பல் பூண்டை உப்போடு நசுக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் 10 நிமிடம் விடவும். புளிப்பு பட்டால் பச்சைப்பூண்டின் காட்டம் குறையும். 200 கிராம் கெட்டித் தயிரில் கலக்கவும்."

"மிஞ்சிய ஊறுகலவையைக் கொட்டிவிடவும்" என்ற வரியை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. போன தாளில் அந்த வரியை எழுதவே என்னிடம் சொல் இல்லை.

மலேசிய, இலங்கை நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் போடும் இந்தக் கலவைக்கு வட்டாரச் சொல் ஏதாவது ஏற்கெனவே இருந்தால், என் சொல்லை எடுத்துவிட்டு அதைப் போட எனக்கு முழுச் சம்மதம். அடுத்த வகுப்பு இந்தச் சனிக்கிழமை. வெள்ளி காலை நகல் எடுக்கிறேன், அதனால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து