ஒரே மாதிரி இரண்டு சர்வர், ஒன்று மட்டும் மந்தம்: உங்கள் அனுபவம் என்ன?

என் கதையில் தொடங்குகிறேன். ஒரே நாளில் வந்திறங்கிய, ஒரே மாடல் சர்வர் இரண்டு. ஒரே லினக்ஸ், ஒரே போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) வெர்ஷன். கான்ஃபிக் ஃபைலை டிஃப் போட்டால் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ராத்திரி ஓடும் பில்லிங் பேட்ச் (பில்களை மொத்தமாகப் போடும் வேலை) ஒரு சர்வரில் இருபது நிமிஷத்தில் முடியும், இன்னொன்றில் விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

குவெரியில்தான் கோளாறு என்று மூன்று நாள் அதையே பிடித்துத் தொங்கினோம். குவெரி எந்த வழியில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால் இரண்டிலும் ஒரே பிளான், டேட்டாவைப் படிக்கும் செலக்ட் எல்லாம் ஒரே வேகம். எழுதும்போது மட்டும்தான் இழுத்தது. அதற்குப் பிறகுதான் போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்கை ஓட்டத் தோன்றியது. எழுதியதை டிஸ்கில் பத்திரமாகப் பதியவைக்கும் எஃப்சிங், நொடிக்கு எத்தனை தடவை நடக்கிறது என்று அளக்கும் கருவி அது. நல்ல சர்வரில் நொடிக்குப் பல ஆயிரம், மந்தமானதில் 118.

அந்த 118-ஐப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுற்றும். அதாவது ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை நிரந்தரமாக்கும் படி) டிஸ்க் ஒரு சுற்று வரும்வரை காத்து நிற்கிறது, நடுவில் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டிய கேஷ் மெமரி வேலையே செய்யவில்லை. டிஸ்குகளையும் அந்த கேஷையும் நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலரின் லாகைத் திறந்தால், அதன் பேட்டரி செத்து வாரக்கணக்காகியிருந்தது. பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது கேஷில் இருப்பது அழிந்துவிடும் என்பதால், கன்ட்ரோலர் தானாகவே ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் வாங்கியதுமே முடிந்தது என்பது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்கில் பதிந்த பிறகே முடிந்தது என்பது) மாறியிருந்தது. அது சரியாகத்தான் நடந்துகொண்டது. லாகைத்தான் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

புது பேட்டரி வரும்வரை எஃப்சிங்கை ஆஃப் பண்ணிவிடலாம் என்று டீமில் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கரண்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம், அதுவும் பில்லிங் டேட்டா. வரிக்கு ஒரு கமிட் போட்டுக்கொண்டிருந்த பேட்சை ஆயிரம் வரிக்கு ஒன்று என்று மாற்றினோம், அதிலேயே பாதிப் பாரம் இறங்கியது.

பதில்:
எனக்கு நேர்மாறு. எழுதுவது சரி, பழைய சர்வரில் நன்றாக ஓடிய, பெயரின் முதல் சில எழுத்தை வைத்துத் தேடும் லைக் குவெரி மட்டும் புது சர்வரில் படுத்துவிட்டது. சட்டென்று தேட உதவும் இன்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுக்க ஸ்கேன். டேட்டாபேஸ்களைப் பட்டியலிடும் பேக்ஸ்லாஷ் எல் போட்டுப் பார்த்தால் பழையதில் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) சி, புதியதில் என் யூஎஸ் யூடிஎஃப்-8. சி அல்லாத கொலேஷனில் வழக்கமான வகையான பிட்ரீ இன்டெக்ஸ் இந்த லைக்குக்கு உதவாது. எழுத்து எழுத்தாக ஒப்பிடவைக்கும் டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ் கொடுத்து இன்னொரு இன்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

பதில்:
பிஜி அப்கிரேட் (போஸ்ட்கிரெஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் கருவி) முடித்த கையோடு, டேபிள்களின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் ஓட்டினீர்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. போஸ்ட்கிரெஸ் 18-க்கு முந்தைய வெர்ஷன்களில் அந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் புது வெர்ஷனுக்குக் கூடவே வராது. 200 வரி வரும் என்று பிளானர் (குவெரியின் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) நினைத்த இடத்தில் லட்சக்கணக்கில் வந்து, ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு டேபிளைத் தேடும் நெஸ்டட் லூப்பில் எங்கள் ரிப்போர்ட் ஒரு மதியம் முழுக்க மாட்டிக்கொண்டது. அனலைஸ் ஓடி முடிய நாலு நிமிஷம்தான் ஆனது.