இரவில் மட்டும் சார்ஜ் பாதியில் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. மின்சாரக் காரை வீட்டின் 15 ஆம்பியர் சாக்கெட்டில்தான் சார்ஜ் செய்கிறோம். ஒரு வாரமாக, இரவு பத்து மணிக்குப் போட்டால் நள்ளிரவுக்குள் தானாக நின்றுவிடுகிறது. பகலில் தொல்லையே இல்லை.

தெரு முழுக்க ஏசி ஓடும் நேரம் என்பதால் மின்னழுத்தத்தைச் சந்தேகித்தேன். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 195தான் இருந்தது. ஆனால் நேற்று பிளக்கைப் பிடுங்கினால் கை வைக்க முடியாத சூடு! ஒரு முனை கருகியிருக்கிறது. சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. அத்துடன் சார்ஜ் போடுவதையே நிறுத்திவிட்டேன்.

அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான். சாக்கெட்டை மாற்றினால் போதுமா, மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து எர்த்தையும் புதிதாகப் போட வேண்டுமா? கடலோரத்தில் இதைச் சரிசெய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.